தளபதி சாகாத இரண்டாம் பாகம்

குடைக் கம்பெனியின் மாடியறையில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். மூத்தவர்களுக்கு ரேடியோ, இளையவர்களுக்கு ரேடியோக்கா, மேஸ்திரிக்கு மட்டும் 'அந்தம்மா'. யாராவது தெரியாத்தனமாகச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அவள் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் வந்த வழி இதுதான். கீழ்த்தளத்தில் மிஷின்கள். துணியை முக்கோணங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, மாடிக்கு அனுப்புவார்கள். மாடியில் கைத்தையல் மட்டும். வந்த துணியைக் கம்பிக்கூட்டின் மேல் விரித்து, ஒவ்வொரு கம்பியின் நுனியிலும், அது மடங்குகிற நடுமுட்டியிலும் ஊசியால் கட்டிப்போட வேண்டும். கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு. வாய்க்கும் காதுக்கும் கிடையாது. சும்மா இருக்கிற வாய் அடுத்த வீட்டுக்குள் நுழையும், சும்மா இருக்கிற காது அதை வாங்கிக்கொண்டு போய் உரியவரிடம் சேர்க்கும், மத்தியானத்துக்குள் அறை இரண்டு கட்சியாகிவிடும். அதனால் முதலாளி ஒரு ரேடியோ வாங்கி வைத்திருந்தார். அது ஒரு நாள் இருமிக் கரகரத்து உயிரை விட்டது. முதலாளி ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. குடை விற்றுப் பிழைக்கிறவர். எந்தச் சாமானையும் கொஞ்ச நாள் மடக்கி வைத்தால் தானே சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் அவள் கைத்தையலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் கட்டிய குடையை விரித்தால் ஒரு பக்கம் மலரும், மறுபக்கம் கொட்டாவி விடும். வாங்கிப்போனவர்கள் மழையில் நனைந்ததோடு நிற்காமல் கடைக்காரரிடம் வந்து சண்டையும் போட்டார்கள். கடைக்காரர்கள் குடைகளைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். "அந்தம்மாவைக் கீழே கைப்பிடிக்குப் பாலீஷ் போடற ரூமுக்கு அனுப்பிடலாம்" என்று மேஸ்திரி சொல்ல ஆரம்பித்தார். பாலீஷ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் சாயந்திரம் தெருவில் இறங்கினால், வார்னிஷ் டப்பா நடந்து வருகிறதோ என்று ஜனங்கள் ஒதுங்குவார்கள்.

அவளைக் காப்பாற்றியது சாப்பாட்டு வேளை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த கதைப் புத்தகத்தைப் பக்கத்திலிருப்பவளுக்காக வாய்விட்டுப் படிப்பாள். தைக்கும்போது தடுமாறுகிற அந்த மனுஷி படிக்கும்போது வேறு ஆளாக இருந்தாள். ராஜா பேசினால் ராஜாவின் தொண்டை, கிழவி பேசினால் கிழவியின் மூச்சு. மணியடித்த பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அந்த அறையிலேயே மூத்த தையல்காரியான பெரியக்கா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நீ தைக்க வேணாம் தாயி. நீ தைச்சதை நாங்க பிரிச்சு மறுபடி தைக்கறதுக்கு, முதல்லயே நாங்க தைச்சுட்டா பாதி வேலை மிச்சம். நீ படி."

இப்படியாக அறைக்கு ஒரு வழக்கம் உண்டானது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதில் ரேடியோ உட்கார்ந்து படிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு குடை தைத்து அவள் குவியலில் போடுவார்கள். மேஸ்திரி குவியலைத்தான் பார்ப்பார், கையைப் பார்க்க மாட்டார். அவள் குவியலிலிருந்து போன குடைகளைக் கடைக்காரர்கள் இப்போது புகழ்ந்தார்கள். அந்தப் பாராட்டை அவள் மறுக்கவுமில்லை.

படிப்பதில் அவளுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. கல்யாணமாகிப் போன வீட்டில் மாமனாருக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் காலையில் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது மருமகளின் வேலை. ரத்தக் கொதிப்புக்காரர், அதிர்ச்சியான செய்தி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேப்பரில் அதிர்ச்சி இல்லாத செய்தி என்றால் தேதி மட்டும்தான். ஆகவே அவள் ரயில்களைத் தண்டவாளத்திலேயே ஓட விட்டாள், விலைகளை இறக்கினாள், மந்திரிகளைத் திருத்தினாள். தேசத்தைப் பற்றி அவ்வளவு திருப்தியோடு கண்ணை மூடிய மனிதர் அவருடைய தலைமுறையில் வேறு எவரும் இல்லை. ஆனாலும் அவள் பொய் சொல்லத் தெரியாதவள்தான். லிஃப்ட் ஆபரேட்டரான புருஷனிடம் காய்கறி விலையைக் கூடச் சரியாகத்தான் சொல்வாள். கையில் அச்சடித்த தாள் இருந்தால்தான் அவளுக்குப் பொய் வரும்.

குடையறையில் அந்தப் பழக்கத்துக்குக் கொஞ்ச காலம் வேலை இல்லாமல் இருந்தது. காதல் கதை, துப்பறியும் கதை எல்லாம் தீர்ந்துபோய், நூலகத்தில் கடைசி அலமாரியில் தலையணை மாதிரி கிடந்த ஏழு பாக மாயக்கதை ஒன்றை அவள் எடுத்து வந்தாள். உள்ளே திறந்தவுடன் வரைபடம். அப்புறம் வம்சாவளி. அப்புறம் இரண்டு பக்கத்துக்கு எல்லோரும் சாப்பிடுவார்கள். இந்த ஜாதிக் கதைகளுக்கு ஒரு இலக்கணம் உண்டு. முதல் பாகத்தில் எல்லோரும் புறப்படுவார்கள், கடைசிப் பாகத்தில் போய்ச் சேருவார்கள், இரண்டாம் பாகத்தில் நடப்பார்கள். தொள்ளாயிரம் பக்கம் நடப்பார்கள். ஆசிரியர் பாத்திரங்களுக்கு வாயில் நுழையாத பெயர்களாக வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் அவருக்குப் பல் கட்டியிருக்க வேண்டும். அறை அந்தப் பெயர்களைக் கழித்துக் கட்டிவிட்டுத் தன் வசதிக்குப் பெயர் வைத்துக்கொண்டது. வெள்ளி முடி ராணி, கொல்லன், வடக்கத்தி ராஜா. எல்லோருக்கும் மேலாக, ஒரு கையைப் போரில் இழந்து மறு கையால் படை நடத்துகிற கிழட்டுத் தளபதி. அவருக்குப் பெயர் ஒத்தக்கை.

ஒத்தக்கை மீது அறைக்கு இருந்த பிரியத்தை விவரிப்பது கஷ்டம். அவர் அதிகம் பேச மாட்டார், கடன் வாங்க மாட்டார், சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார். தங்கள் வீடுகளில் இல்லாத ஆண்பிள்ளை லட்சணம் மொத்தத்தையும் அந்த அறையின் பெண்கள் அவரிடம் கண்டார்கள்.

முதல் பாகத்தின் முடிவிலேயே ஒரு விபத்து நடந்தது. ஒத்தக்கையின் குதிரை செத்துப்போனது. ரேடியோ அதை உள்ளபடி படித்தாள். அறை அழுதது, மூக்கைச் சிந்தியது, பிறகு கோபித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க அவள் குவியலில் ஒரு குடை விழவில்லை. அவளே தைத்தாள், கடைக்காரர்களுக்குப் பழைய ஞாபகங்கள் திரும்பின. குதிரைக்கே இந்தத் தண்டனை என்றால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசித்தாளா தெரியாது. முன்கூட்டிப் படித்து வைத்துக்கொள்ள மட்டும் மாட்டாள். "எனக்கும் ருசி இருக்கணும்ல" என்பாள்.

இரண்டாம் பாகம் தொடங்கிய அன்று பெரியக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு அறிவிப்புச் செய்தாள்.

"ரேடியோ, இப்பவே சொல்லிட்டேன். ஒத்தக்கைக்கு எதுனா ஆச்சு, நான் கதை கேக்கறதை விட்டுடுவேன். முதலாளி பாட்டுப் பெட்டி வாங்கித் தரேன்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு."

"நான் என்னக்கா பண்ண முடியும்? எழுதினவரைச் சொல்லுங்க."

"எழுதினவனுக்கா நாங்க ரெண்டு குடை தைக்கிறோம்?"

சொல்லிவிட்டு ஊசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

பாதிப் புத்தகம் தாண்டி, எல்லோரும் ஒரு கணவாயில் நடந்துகொண்டிருந்தார்கள். சாதாரணமான ஒரு காலை. ஊசிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ரேடியோ அனுபவித்துப் படித்துக்கொண்டிருந்தாள். "தளபதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, "அம்பு அதற்கு முன்பே வந்துவிட்டது."

கண் அந்த வரிக்குப் போய்விட்டது, குரல் இன்னும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவளுக்குப் பாலீஷ் அறையின் வாசனை வந்தது.

"அம்பு..." என்றாள். அறை முழுக்க ஊசிகள் நின்றன. "அம்பு வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு குனிந்தார். அது அவர் காதோரமாக விர்ரென்று போய்ப் பின்னால் இருந்த ஒரு மரத்தில் குத்தி நின்றது."

"அப்பாடா" என்றாள் பெரியக்கா. "வாயை மூடினா ஆயுசு கெட்டின்னு சும்மாவா சொல்றேன் என் மாப்பிள்ளைகிட்ட."

ஊசிகள் மறுபடி ஏறி இறங்கின.

ஒரு ஆளைக் கொல்வதற்கு ஆசிரியருக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவரை உயிரோடு வைத்திருக்க ரேடியோவுக்குப் புத்தகத்தின் மீதிப் பாதி முழுக்கத் தேவைப்பட்டது. அடுத்த அத்தியாயமே இறுதிச் சடங்கு. நாற்பது பக்கத்துக்குக் குறையாமல் ராஜ்யமே அழுகிறது. அவள் சிதையைக் குளிர்காயும் நெருப்பாக்கினாள். சங்கு ஊதியதைச் சாப்பாட்டுக்கு அழைப்பாக்கினாள். ஆனால் வெள்ளி முடி ராணி தலைவிரி கோலமாக அழுது புரளுகிறாளே, அவளை என்ன செய்வது? அவசரத்தில், "தளபதி தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று ராணி அழுதாள்" என்று படித்துவிட்டாள்.

அறையில் ஒரு சலசலப்பு ஓடியது.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

"அவ பார்வையே சரியில்ல" என்றாள் இன்னொருத்தி.

இப்படித்தான் அந்தக் காதல் முளைத்தது. ஆசிரியருக்குத் தெரியாத காதல். ஆனால் அவர் அடுத்த நூறு பக்கத்தில் ராணியைக் கூட்டிப்போய் வடக்கத்தி ராஜாவுக்குக் கட்டிவைத்துவிட்டார். அதை மறைக்க வழியில்லை, ஏனென்றால் மீதிக் கதை அந்தக் கல்யாணத்தின் மேல்தான் நிற்கிறது. விளைவு, கதாநாயகியாக ஏழு பாகத்துக்கு வர வேண்டிய ராணி மாடியறையில் துரோகியானாள். அவள் வாயைத் திறந்தாலே "சீ" என்றார்கள். ஒத்தக்கையோ அமைதியாகத் துக்கத்தை விழுங்கினார், இன்னும் உயர்ந்தார்.

இப்போது ரேடியோ முன்கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று. ருசி போனது போனதுதான். சாயந்திரம் அடுப்பில் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண். நாளைக்கு அவரை எங்கே வைப்பது என்ற கவலை. நாலு நாள் காய்ச்சலில் போட்டாள். ஒரு வாரம் படகில் ஏற்றினாள். படகு எங்கே போகிறது என்று அறை கேட்டதும் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"யாரு அது, முழங்கால் வலிக்காரன்?" என்று புருஷன் ஒரு நாள் கேட்டான். அவள் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது அவன் காதில் விழுந்திருந்தது.

"யாருமில்ல. செத்துப்போனவரு."

"செத்துப்போனவனுக்கா தைலம் எங்கே தடவறதுன்னு யோசிக்கறே?"

"ஆமா. உயிரோட இருக்கறவருக்குத் தடவினா மட்டும் என்ன மரியாதை கிடைக்குது இந்த வீட்டுல."

லிஃப்டில் நாள் முழுக்க ஏறி இறங்கியே வாழ்ந்தவன். எந்தப் பேச்சு எந்த மாடியில் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் ஏறவில்லை.

தினமும் டீக்கு முன்னால் ஒத்தக்கை இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் டீ இறங்காது. அந்த வசனங்களை ரேடியோ எங்கிருந்து எடுப்பாள்? அறையிலிருந்துதான் எடுத்தாள். பெரியக்கா காலையில் தன் சம்பந்தியம்மாளைப் பற்றி ஒரு பெருமூச்சு விட்டால், மத்தியானம் தளபதி கணவாயில் நின்று, "பெண் கொடுத்த இடத்தில் பேச்சைக் கொடுக்காதே" என்று வீரர்களுக்கு உபதேசம் செய்வார். "பாத்தியா, எவ்வளவு அனுபவம்" என்று பெரியக்கா உருகுவாள். நாளடைவில் அந்தத் தளபதிக்கு முழங்கால் வலியோடு முதுகும் பிடித்துக்கொண்டது, வாடகை வீட்டுக்காரர்கள் மேல் ஒரு அபிப்பிராயம் உண்டானது, மருமகன்களைப் பற்றிப் பொதுவாகச் சில கருத்துகள் ஏற்பட்டன. ஒரு மாயாஜால உலகத்தில் மருமகன்கள் எங்கே வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தாங்கள் நினைப்பதையே ஒரு பெரிய மனிதரும் நினைக்கிறார் என்பதை விட ருசியான இலக்கியம் உலகத்தில் கிடையாது.

மழைக்காலத்துக்கு முந்திய நெருக்கடிக்காக ஒரு புதுப் பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். கண்ணாடி போட்டவள், கை சுத்தம், பேச்சு குறைவு. அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் விழுந்தது. முதல் நாள் கதை கேட்டபோதே அவள் ஊசி நின்றது. நிமிர்ந்து ரேடியோவைப் பார்த்தாள். ஒத்தக்கை அப்போது வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளையில் மாடிப்படியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோக்கா, அவரு செத்துட்டாரே."

"யாரு?"

"நான் ஏழு பாகமும் படிச்சிருக்கேன். போன்லயே. ரெண்டாவது பாகத்தை மூணு தடவை."

ரேடியோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உனக்கு என்ன வேணும்?"

புதுசு கண்ணாடியைத் துடைத்தாள். இவள் நாற்காலியைக் கேட்கப் போகிறாள் என்று ரேடியோ எதிர்பார்த்தாள். குடை கேட்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"கொல்லனையும் காப்பாத்துங்கக்கா."

"என்னது?"

"கடைசி அத்தியாயத்துல கொல்லனையும் கொன்னுடுவாரு. அநியாயமா. ஒரு பாலம் இடிஞ்சு விழும், அவ்வளவுதான். நான் ரெண்டு நாள் சாப்பிடல. நீங்க ஒத்தக்கையைக் காப்பாத்தினீங்கல்ல, இவரையும் சேர்த்துக்கங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"இவரு ஒருத்தரை வெச்சுக்கிட்டே எனக்கு மூச்சு வாங்குது. இன்னொருத்தரா?"

"உங்க இஷ்டம்."

படித்த பெண். மிரட்டுவதைக் கூட எவ்வளவு மரியாதையாகச் செய்கிறாள் என்று ரேடியோவுக்கு வியப்பாக இருந்தது. ஒப்புக்கொண்டாள். பாலம் இடிந்தபோது கொல்லன் டீ குடிக்கப் போயிருந்தான்.

இரண்டு பிணங்களையும் தூக்கிச் சுமந்துகொண்டு அவள் மூன்றாம் பாகத்து வாசலுக்கு வந்துவிட்டாள். கடைசிச் சில பக்கங்கள்தான் பாக்கி. இதற்குள் அதே கதையை யாரோ தொடராக எடுத்துச் சில மாதமாக டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி. அறையே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பார்த்தது. ரேடியோ பார்க்கவில்லை. என்றைக்கு அந்தக் கணவாய் வரும் என்று மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்தது. திங்கட்கிழமை காலை ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். கதவைத் திறந்தால் அறை கொந்தளித்துக்கொண்டிருந்தது.

"கதையைக் கெடுத்துட்டானுங்க" என்றாள் மூலையில் இருந்தவள்.

"புத்தகத்துல இருக்கறதை அப்படியே எடுத்தா குறைஞ்சா போயிடுவானுங்க? அம்பு காதோரமாப் போகும்னு எவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. தொண்டையில விடறான்."

"டிவிக்காரனுக்கு மூளை இல்லன்னு தெரியும். கண்ணும் இல்லையா?"

ஊரில் அந்தக் கதையைப் படித்தவர்கள், படிக்காமல் பார்த்தவர்கள் எல்லோரும் தளபதிக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காலையில், அந்தப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மட்டும் மூலநூலின் தூய்மைக்காகக் கொதித்தார்கள். ரேடியோவுக்கு உயிர் வந்தது. இவ்வளவு விசுவாசத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. தானும் டிவிக்காரனை நாலு வார்த்தை திட்டினாள்.

பெரியக்கா மட்டும் திட்டவில்லை. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அது திட்டுவதை விட மோசம்.

"நேத்து சம்பந்தியம்மா வீட்டுலதான் பார்த்தோம். அந்த அம்மா, 'அய்யோ செத்துட்டாரே'ன்னாங்க. நான் சொன்னேன், 'சம்பந்தி, புத்தகத்துல அவரு உயிரோட இருக்காரு. எங்க ரேடியோ தினம் படிக்கிறா'ன்னேன். 'அப்படி எங்கயும் இல்ல'ன்னு அடிச்சுச் சொல்றாங்க, என் மாப்பிள்ளை, பொண்ணு எல்லாரையும் வெச்சுக்கிட்டு. நான் ஒரு தடவையாவது அந்த அம்மாவை ஜெயிச்சிருக்கேனா? பக்கத்தைக் காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். புத்தகத்தைக் குடு. சாயந்திரம் எடுத்துட்டுப் போறேன்."

"லைப்ரரி புத்தகம்கா. வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது."

"அப்ப நீயும் வா. நீயே படிச்சுக் காட்டு."

"அவங்க படிப்பாங்களா?"

"கண்ணாடி போட்டா எறும்பு எழுத்தைக் கூடப் படிப்பாங்க."

ரேடியோ புதுசைப் பார்த்தாள். கொல்லனுடைய உயிர் நினைவுக்கு வந்ததோ என்னவோ, புதுசு தொண்டையைச் செருமிக்கொண்டு உதவிக்கு வந்தாள்.

"பெரியக்கா, அது ரெண்டு பதிப்பு இருக்கு. பழைய பதிப்புல உயிரோட இருப்பாரு. புதுப் பதிப்புல..."

"நம்மகிட்ட இருக்கறது பழசுதானே. அதைத்தான் காட்டப்போறேன்."

படித்தவர்களின் உதவி பல சமயம் இப்படித்தான் இருக்கும்.

இதற்குள் கீழேயிருந்து மேஸ்திரி ஏறி வந்துவிட்டார். அரை மணியாக மாடியிலிருந்து ஒரு குடையும் இறங்கவில்லை. விஷயத்தைக் கேட்டார், தலையில் அடித்துக்கொண்டார். "இவ்வளவுதானே? எடுங்க அந்தப் புத்தகத்தை. பார்த்துச் சொல்லிட்டா வேலையைப் பார்ப்பீங்கல்ல?"

ரேடியோ கொடுக்கவில்லை, அவர்தான் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். தொள்ளாயிரம் பக்கத்தில் எங்கே தேடுவது என்று அவர் திகைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து அத்தனை தடவை திருப்பிப் பார்த்த பக்கம் அது. கையில் எடுத்தவுடன் புத்தகம் தானாக அங்கே பிளந்துகொண்டது.

மேஸ்திரி சரக்கு எண்ணுகிற குரலில் படித்தார். "தளபதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார் அம்பு அதற்கு முன்பே வந்துவிட்டது அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் மறுபடி எழவில்லை." பக்கத்தைத் திருப்பினார். "அப்புறம் எரிக்கிறாங்க. போதுமா?" புத்தகத்தை நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

பெரியக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்த பிறகு கேட்டாள்.

"அப்ப அந்த முழங்கால் வலி?"

"நான் சொன்னதுக்கா."

"ராணி அழுதது?"

"அழுதது நிஜம். காரணம் என்னுது."

"பொண்ணு குடுத்த இடத்துல பேச்சைக் குடுக்காதேன்னது?"

ரேடியோ தலை குனிந்தாள்.

"அடிப்பாவி. அவரு சொன்னாரேன்னு இத்தனை மாசமா அந்த அம்மா முன்னாடி வாயைக் கட்டிட்டு உக்காந்திருந்தேனே. உன் பேச்சையா கேட்டுட்டிருந்தேன்?"

தான் சொன்னதையே ரேடியோ திருப்பிச் சொன்னாள் என்பது பெரியக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கோபம் இரட்டிப்பாகியிருக்கும்.

அறை கூடித் தீர்மானித்தது. நாற்காலி புதுசுக்கு. ஆளுக்கு இரண்டு குடையும் புதுசுக்கு. ரேடியோ ஊசியை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போனாள். மேஸ்திரி தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தார். "இந்த மாசம் ஒரு கட்டு திரும்பி வந்தாலும் பாலீஷ் ரூம்தான், சொல்லிட்டேன்."

புதுசு பிரமாதமாகப் படித்தாள். பல் கட்டிய பெயர்களைக் கூட நழுவ விடவில்லை. ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கணவாயிலிருந்து மறுபடி தொடங்கி, இறுதிச் சடங்கை முழுதாகப் படித்தாள். அறை ஒரு நாள் நன்றாக அழுதது. அதற்கப்புறம் எல்லோரும் நடந்தார்கள். மலை ஏறி நடந்தார்கள், மலை இறங்கி நடந்தார்கள், நின்று ஒரு மரத்தின் வரலாற்றைக் கேட்டுவிட்டு நடந்தார்கள். ஆசிரியர் ஒத்தக்கையை எரித்த கையோடு மறந்தும் போயிருந்தார். அவர் பேச்சையே எடுப்பாரில்லை. வாடகையைப் பற்றி அந்த ராஜ்யத்தில் ஒருவருக்கும் கருத்து இல்லை. மூலையில் இருந்தவள் தூங்கி விழுந்து விரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். அது ஒன்றுதான் அந்த வாரம் நடந்த சம்பவம்.

ரேடியோ தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த குடைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்தன. கடைகளிலிருந்து திரும்பி வரப்போகும் கட்டுகளில் பாதி அவளுடையதாகத்தான் இருக்கும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். புதுசு ஒரு ஆற்றின் கிளைநதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, பெரியக்கா தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரையோ கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்ப ஒத்தக்கை இருந்தா என்ன சொல்லுவாரு?"

"அவருதான் செத்துட்டாரே" என்றாள் ரேடியோ. "மேஸ்திரி படிச்சாரு. எல்லாரும் கேட்டீங்க."

"கேட்டேன், கேட்டேன்."

இரண்டு தையல் போட்டாள் பெரியக்கா. பிறகு, தான் கட்டி முடித்து வைத்திருந்ததில் இரண்டு குடையை எடுத்து, எட்டி, ரேடியோவின் குவியலில் வைத்தாள். வைத்த கையோடு அங்கே கிடந்த இரண்டு கோணல் குடைகளைப் பிரித்துத் தைக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ரேடியோ அந்தக் குடைகளைப் பார்த்தாள். தையல் பிசிறில்லாமல் இருந்தது.

"லேசா மூச்சு விடறாரு" என்றாள்.

மூலையிலிருந்து இரண்டு குடை வந்தது.

"கண்ணைத் திறந்து பார்க்கிறாரு. யாரையும் காணோம். எல்லாரும் அந்த மரத்தோட வரலாற்றைக் கேக்கப் போயிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு குடை வந்து விழுந்தது, அப்புறம் இரண்டு. ஜன்னலோரத்தில் கிளைநதிகள் வற்றிவிட்டன. புதுசு புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"ரேடியோக்கா, கொல்லன்?"

ரேடியோ தன் கோணல் குடை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய்ப் புதுசின் மடியில் வைத்தாள்.

"அவருக்குத் தனியா ரெண்டு. முதல்ல இதைப் பிரி."